குறி தப்பாமல் போய் இடித்தும் வெடிக்காத மார்க் 14

1943 ஜூலை 24 அன்று, பசிபிக்கில் ஜப்பானியத் தளமான ட்ரக் தீவுகளுக்கு மேற்கே, டினோசா என்ற அமெரிக்க நீர்மூழ்கியின் பெரிஸ்கோப்பில் பெரிய கப்பல் ஒன்று சிக்கியது. பெயர் மூன்றாம் டோனன் மாரு. சுமார் 19,000 டன். திமிங்கல வேட்டைக்காகக் கட்டிய மிதக்கும் தொழிற்சாலை; போர் வந்ததும் எண்ணெய் சுமக்கப் போட்டுவிட்டார்கள். துணைக்குக் காவல் கப்பல் எதுவும் இல்லை. கேப்டன் டேஸ்பிட் 4,000 கெஜத்திலிருந்து நான்கு மார்க் 14 டார்பிடோக்களை விட்டார். இரண்டு பட்டு, கப்பல் நின்றுவிட்டது. உடனே இன்னும் இரண்டு, அவையும் பட்டன. கப்பல் மூழ்கவில்லை, ஆனால் நகரவும் வழியில்லை.

இனி அவசரமே இல்லை. டேஸ்பிட் நிதானமாகச் சுற்றிவந்து, கப்பலின் பக்கவாட்டுக்கு நேர் செங்குத்தாக, 875 கெஜத்தில், அதாவது 800 மீட்டரில் வந்து நின்றார். பயிற்சிப் பள்ளியில் கரும்பலகையில் வரைந்து காட்டுவார்களே, அதே இடம். அங்கிருந்து ஒன்றன்பின் ஒன்றாக ஒன்பது டார்பிடோக்கள். எதிரே ஜப்பானியர்கள் பெரிஸ்கோப்பைப் பார்த்துச் சுட்டுக்கொண்டே இருக்க, அவர் ஒவ்வொன்றும் போய் இடிப்பதைக் கண்ணால் பார்த்தார். ஒன்பதில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. கடைசியாக மிஞ்சிய ஒன்றைச் சுடாமல், பிரித்துப் பார்க்கட்டும் என்று பேர்ல் ஹார்பருக்கே திருப்பிக் கொண்டுபோனார். பிரித்துப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பதில்தான். வரைபடத்தில் உள்ளது உள்ளபடி செய்த டார்பிடோ அது. கோளாறு வரைபடத்திலேயே இருந்தது. அதுவும் ஒன்றல்ல, மூன்று. முதலாவதைச் சரிசெய்யும்வரை இரண்டாவது வெளியே தெரியாது. இரண்டாவதை அகற்றும்வரை மூன்றாவது தெரியாது. பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்து பத்தொன்பது மாதம் ஆகியும் டேஸ்பிட் அந்த நிலைமையில் நின்றதற்கு அதுதான் காரணம்.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். மார்க் 14 டார்பிடோவின் நீளம் 20 அடி 6 அங்குலம், குறுக்களவு 21 அங்குலம், எடை ஏறத்தாழ ஒன்றரை டன். வேகமாக ஓட வைத்தால் 46 நாட் (நாட் என்பது கடலில் வேகத்துக்கான அளவு, மணிக்கு சுமார் 1.85 கி.மீ.), 4,500 கெஜம் போகும். மெதுவாக விட்டால் 31 நாட், 9,000 கெஜம். மூக்கில் வெடிமருந்து. அதற்குப் பின்னால் அழுத்தக் காற்று உருளை. அதில் காற்றைச் சதுர அங்குலத்துக்கு 2,800 பவுண்டு வரை ஏற்றுவார்கள் (கார் டயரில் நாம் அடிப்பது முப்பது, முப்பத்தைந்து). அந்தக் காற்றில் ஆல்கஹாலை எரித்து, நெருப்பில் தண்ணீரைத் தெளித்து, வரும் நீராவியும் புகையும் கலந்த வாயுவால் டர்பைனைச் சுற்றுவார்கள். டர்பைன் எதிரெதிர்த் திசையில் சுற்றும் இரண்டு ப்ரொப்பெல்லர்களை ஓட்டும். திசையை ஜைரோ என்ற சுழல் கருவி பார்த்துக்கொள்ளும். ஆழத்தை ஒரு நீரழுத்த உணரியும் ஒரு ஊசலும் சேர்ந்து பார்த்துக்கொள்ளும்.

ஆல்கஹால் என்றதும் சிலருக்குக் காது நிமிரும். மாலுமிகளுக்கும் நிமிர்ந்தது. டார்பிடோ எரிபொருளைப் பழச்சாற்றில் கலந்து குடிப்பது அந்தக் கடற்படையில் ஊரறிந்த ரகசியம். குடிக்கக் கூடாது என்று மேலிடம் அதில் எதையாவது கலக்கும். இவர்கள் ரொட்டியில் வடிகட்டுவார்கள்.

மார்க் 14இன் பெருமை என்று அதைச் செய்தவர்கள் நினைத்தது எஞ்சினை அல்ல, மார்க் 6 எக்ஸ்ப்ளோடரை. வெடிமுனையின் அடிப்பக்கக் குழியில் பொருத்தும் ஒரு பொறி. இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று பழைய வழி: இடித்தால் வெடிக்கும். இன்னொன்று காந்த வழி: கப்பலின் இரும்பு உடல் சுற்றியுள்ள காந்தப் புலத்தைக் கலைக்கும், டார்பிடோ கப்பலுக்கு அடியில் புகும்போது ஒரு கம்பிச் சுருள் அந்த மாற்றத்தை உணர்ந்து, பழைய ரேடியோவில் இருக்கும் வால்வு போன்ற ஒன்றின் வழியாகப் பெருக்கி, வெடிக்கச் செய்யும். ஏன் அடியில்? போர்க்கப்பலின் பக்கவாட்டில் கவசம் உண்டு, டார்பிடோவைத் தாங்க உப்பலான அறைகள் உண்டு. அடிப்பாகத்தில் ஒன்றும் இல்லை. அடியில் வெடித்தால் எழும் வாயுக் குமிழி கப்பலைத் தூக்கிப்போட்டு முதுகெலும்பையே முறிக்கும். நான்கு டார்பிடோ செய்யும் வேலையை ஒன்று செய்யும். யோசனை நல்ல யோசனைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. இன்றைய கனரக டார்பிடோக்கள் எல்லாம் அப்படித்தான் கொல்கின்றன.

சோதனைதான் கேவலம். 1926 மே 8இல், எல்-8 என்ற காலாவதியான நீர்மூழ்கியைக் குறியாக வைத்து நிஜ வெடிமருந்தோடு பார்த்தார்கள். முதல் டார்பிடோ அடியில் புகுந்து வெடிக்காமலே போய்விட்டது. இரண்டாவது வெடித்து, கப்பலை மூழ்கடித்தது. இரண்டுக்கு ஒன்று. அதோடு சரி. பின்னால் எரிக்சன் என்ற பழைய டெஸ்ட்ராயர் போர்க்கப்பலைக் கொடுக்கிறோம் என்று கடற்படைத் தலைமை சொன்னது. ஆனால் நிஜ வெடிமருந்து போடக் கூடாது, தப்பித்தவறி இடித்து மூழ்கினால் தூக்கும் செலவும் உங்களுடையது என்றது. டார்பிடோக்களுக்குப் பொறுப்பான கடற்படை ஆயுதப் பிரிவு வேண்டாம் என்றுவிட்டது. ஒரு டார்பிடோவின் விலை சுமார் 10,000 டாலர். பொருளாதார மந்தக் காலம். சுட்டால் திரும்பி வராத பொருளைச் சோதனைக்குச் சுட யாருக்கும் மனம் வரவில்லை. தயாரிப்பின் வேகமும் அப்படி: ரோட் ஐலண்டில் உள்ள நியூபோர்ட் டார்பிடோ நிலையத்தில் 1937இல் மூவாயிரம் பேர் மூன்று ஷிஃப்ட் போட்டு வேலை பார்த்தும் ஒரு நாளைக்கு வந்தது ஒன்றரை டார்பிடோ.

ரகசியம் வேறு. மார்க் 6க்கு எழுதிய கையேட்டைப் பெட்டகத்தில் பூட்டிவைத்தார்கள். 1941 கோடையில்தான் நீர்மூழ்கிகளுக்கே எக்ஸ்ப்ளோடர் வந்து சேர்ந்தது. அதுவரை டார்பிடோ ஆட்கள் பழகியது வேறொரு, இடித்தால் மட்டும் வெடிக்கும் மாதிரியில்.

போர் தொடங்கிய மூன்றாம் நாளே, 1941 டிசம்பர் 10இல், மணிலாவுக்குப் பக்கத்தில் கவிட்டே தளத்தில் ஜப்பானியக் குண்டு விழுந்து 233 டார்பிடோக்கள் எரிந்தன. இருந்த கையிருப்பை வைத்து ஓட்ட வேண்டும். டிசம்பர் 24இல் சார்கோ நீர்மூழ்கியின் கேப்டன் ஜேக்கப்ஸ் இரண்டு கப்பல்களை நோக்கி எட்டு விட்டார். ஒன்றும் ஆகவில்லை. அடுத்து இரண்டு கப்பல்கள் வந்தன. 57 நிமிடம் பின்தொடர்ந்து, தூரத்தையும் திசையையும் கணக்குப்போடும் கருவி காட்டுவது பெரிஸ்கோப் காட்டுவதோடு அச்சாகப் பொருந்தும்வரை காத்திருந்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு. ஏறத்தாழ 1,000 கெஜத்தில். படவில்லை. பிறகு மெதுவாகப் போன எண்ணெய்க் கப்பல் ஒன்றுக்கு 1,200 கெஜத்திலிருந்து ஒன்று. அதுவும் வீண். ஆக மொத்தம் பதின்மூன்று. மனிதர் பொறுமை இழந்து, ரேடியோ மௌனத்தை உடைத்து, இந்த டார்பிடோவை நம்பலாமா என்று கேட்டு அனுப்பினார். எதிரிக் கடலில் ரேடியோவைத் திறப்பது தன் இருப்பிடத்தைச் சொல்லிக்கொடுப்பதற்குச் சமம். அவ்வளவு வெறுத்துப்போயிருந்தார்.

மேலிடத்திலிருந்து இப்படிப்பட்ட புகார்களுக்கெல்லாம் வந்த பதில் ஒன்றே: குறி சரியில்லை, பராமரிப்பு சரியில்லை. 1942இல் பல கேப்டன்களைப் பதவியிலிருந்து எடுத்தார்கள். பயந்து ஒதுங்கியவர்களும் அதில் உண்டு. ஆயுதத்தின் பழியைச் சுமந்து போனவர்களும் உண்டு.

முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தவர் லாக்வுட். 1942 மே மாதம் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் நீர்மூழ்கிப் படைக்குத் தலைவராக வந்தார். ஆயுதப் பிரிவிடம் சோதனை விவரம் கேட்டார். உருப்படியாக எதுவும் வரவில்லை. சரி, நாமே பார்ப்போம் என்று ஆல்பனி ஊரின் ஃப்ரெஞ்ச்மேன் விரிகுடாவில் மீன்பிடி வலை ஒன்றைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டார். ஜூன் 20இல் ஸ்கிப்ஜாக் நீர்மூழ்கி, வெடிமருந்துக்குப் பதில் பயிற்சி முனை பொருத்திய டார்பிடோவை 10 அடி ஆழத்துக்கு வைத்து விட்டது. வலையை இழுத்துப் பார்த்தால் ஓட்டை 25 அடியில். மறுநாள் இன்னும் இரண்டு. சராசரியாக 11 அடி கூடுதல் ஆழம். ஒரு மீன் வலையும் ஒரு அளவுகோலும். செலவென்று சொல்ல ஒன்றுமில்லை. அதற்குள் போரில் சுமார் 800 டார்பிடோக்களைச் சுட்டுத் தீர்த்திருந்தார்கள்.

ஆயுதப் பிரிவு முதலில் அந்தச் சோதனையையே குறைசொன்னது. முனையின் எடையைச் சரியாகச் சமன்செய்யவில்லை என்றது. ஜூலையில் சாரி என்ற நீர்மூழ்கியை வைத்துத் திரும்பச் செய்தார்கள்; விடை மாறவில்லை. கடற்படைத் தலைவர் கிங் குடைந்தெடுத்த பிறகு, ஆகஸ்ட் 1இல், ஆமாம், வைத்த அளவைவிட 10 அடி ஆழமாகத்தான் ஓடுகிறது என்று ஒப்புக்கொண்டார்கள்.

ஏன் ஆழமாக ஓடியது என்பது கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய விஷயம். ஆழ உணரி என்பது ஒரு பக்கம் கடல்நீர் அழுத்த, மறுபக்கம் ஸ்பிரிங் தாங்கும் தகடு. 10 அடிக்கு உரிய நீரழுத்தத்துக்கு ஸ்பிரிங்கை முறுக்கிவைப்போம். நீரழுத்தம் குறைந்தால் மேலே இருக்கிறோம் என்று அர்த்தம், சுக்கானைக் கீழே தள்ளும். கூடினால் மேலே இழுக்கும். எளிய ஏற்பாடு. தண்ணீர் உள்ளே வரும் துளையை எங்கே வைப்பது என்பதில்தான் சறுக்கினார்கள். டார்பிடோவின் பின்பகுதி கூம்பாகச் சிறுத்துக்கொண்டே போகும். அங்கே துளையை வைத்தார்கள். ஓடும் டார்பிடோவின் அந்த வளைவில் நீர் வேகமெடுக்கும். வேகமெடுத்த இடத்தில் அழுத்தம் குறையும். ஓடும் பேருந்தில் ஜன்னல் திரை வெளியே இழுபடுகிறதே, அதே சங்கதி. ஆக, உணரிக்குக் கிடைத்தது உண்மையான ஆழத்தின் அழுத்தத்தைவிடக் குறைவு. மேலே இருக்கிறோம் என்று நினைத்துக் கீழே போய்க்கொண்டே இருந்தது, பொய் அழுத்தம் 10 அடிக்குச் சமமாகும்வரை.

கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். 46 நாட் என்றால் நொடிக்கு 23.7 மீட்டர். அந்த வேகத்தில் கடல்நீரின் ஓட்ட அழுத்தம் ஏறத்தாழ 2.8 வளிமண்டலம். 11 அடி நீரின் அழுத்தம் வெறும் 0.33 வளிமண்டலம். அதாவது ஓட்ட அழுத்தத்தில் எட்டில் ஒரு பங்குகூட இல்லாத பிழை 11 அடியைத் தின்றுவிடும். வேகம் குறைந்தால் பிழை வேகத்தின் இருபடியாகக் குறையும். 31 நாட்டில் இதே துளை 5 அடிதான் ஏமாற்றும். பழைய, மெதுவான டார்பிடோக்களில் இந்தத் தொல்லை பெரிதாகக் கண்ணில் படாமல் போனதற்கு அதுவும் காரணம். மார்க் 10 என்ற முந்தைய மாதிரி 4 அடி கூடுதல் ஆழமாக ஓடுகிறது என்று 1942 ஜனவரியிலேயே ஆயுதப் பிரிவு அறிவித்திருந்தது. அந்த 4 அடியைப் பார்த்தவர்கள் மார்க் 14ஐயும் ஒரு தடவை அளந்திருக்கலாம்.

அளக்காமல் இல்லை, நியூபோர்ட்டில் அளந்தார்கள். ஆழம் பதியும் ஒரு கருவியை டார்பிடோவுக்குள்ளேயே வைத்து அளந்தார்கள். அந்தக் கருவிக்கு நீர் வந்த இடத்திலும் அதே ஓட்டப் பிழை. பொய் சொல்பவனுக்கு அவன் தம்பியே சாட்சி. இரண்டும் பொருந்திப்போனதால் எல்லாம் சரி என்று எழுதிக்கொண்டார்கள். போதாக்குறைக்கு, பயிற்சி முனை நிஜ வெடிமுனையைவிட எடை குறைவு. வலை மட்டும்தான் வெளியாள். அதனால்தான் அது உண்மை சொன்னது.

அதே ஆகஸ்டில் நடந்த இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். எஸ்-44 என்பது முதல் உலகப் போருக்குப் பின் கட்டிய கிழட்டு நீர்மூழ்கி. அதன் குழாய்களில் நீளமான மார்க் 14 நுழையாது. பழைய மார்க் 10தான், எளிய இடிப்பு எக்ஸ்ப்ளோடரோடு. சாவோ தீவுச் சண்டையை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த ஜப்பானியக் கனரகக் குரூசர் காக்கோவை 1942 ஆகஸ்ட் 10இல், கவியெங் பக்கம், 700 கெஜத்தில் பிடித்தது. நான்கு டார்பிடோ. சில நிமிடங்களில் காக்கோ மூழ்கியது. புத்தம்புது நீர்மூழ்கிகள் புத்தம்புது டார்பிடோவோடு வெறுங்கையாய் வந்துகொண்டிருந்த காலம் அது.

ஆழம் சரியானதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தார்கள். இப்போது டார்பிடோக்கள் வெடித்தன, ஆனால் கப்பலை அடைவதற்கு முன்பே. 11 அடி கூடுதல் ஆழமாக ஓடியவரை காந்தப் பொறிக்குச் சரியாக வேலை வரவில்லை. மேலே கொண்டுவந்ததும் அதன் குணம் தெரிந்தது. 1943 ஏப்ரல் 9 இரவு டன்னி நீர்மூழ்கி ஜப்பானிய விமானந்தாங்கிகள் இருந்த அணியின் நடுவிலேயே புகுந்துவிட்டது. எந்தக் கேப்டனுக்கும் ஆயுளில் ஒரு தடவை கிடைத்தால் அதிகம். முன்னாலும் பின்னாலும் சேர்த்து, ஆயிரம் கெஜத்துக்கும் உள்ளே, பத்து டார்பிடோக்கள். ஏழு வெடிச் சத்தம் கேட்டது. சேதம் என்று ஆனது தையோ என்ற சிறிய விமானந்தாங்கிக்கு மட்டும், அதுவும் லேசாக. மற்றவை வழியிலேயே வெடித்திருந்தன.

காந்தத்தில் என்ன கோளாறு? திசைகாட்டி முள்ளை மேலும் கீழும் ஆடும்படி தொங்கவிட்டால் நியூபோர்ட்டில் அது 70 டிகிரிக்கும் மேல் தரையை நோக்கிச் சாயும். திருநெல்வேலிப் பக்கம் கிட்டத்தட்டப் படுக்கையாக நிற்கும். காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டித்தான் போகிறது. தும்பாவில் ராக்கெட் தளம் வைத்ததற்கும் அந்தக் கோடுதான் காரணம். அதே கோடு கிழக்கே பிலிப்பைன்ஸ் வழியாகப் பசிபிக்குக்குள் போகிறது. கப்பலின் இரும்பு பூமியின் காந்தத்தால்தான் காந்தமேறுகிறது. வடக்கே, புலம் செங்குத்தாக இருக்கும் இடத்தில், கப்பலுக்கு அடியில் அது கவிழ்த்த கிண்ணம் மாதிரி திரண்டு நிற்கும். டார்பிடோ அடியில் வரும்போதுதான் சுருள் விழிக்கும். நடுக்கோட்டுப் பக்கம் அதே புலம் தோசை மாதிரி பரந்து பக்கவாட்டில் நீண்டுவிடும். டார்பிடோ இன்னும் பத்திருபது மீட்டர் தள்ளி இருக்கும்போதே சுருள் விழித்துக்கொள்ளும். அங்கே வெடித்தால் தண்ணீர் மட்டும் மேலே போகும். பார்ப்பவருக்குக் கப்பலில் பட்ட மாதிரியே இருக்கும் என்பது அதைவிடக் கொடுமை. வெற்றி என்று எழுதிக்கொண்டு திரும்பியவர்கள் உண்டு.

இதுதவிர ஓட்டக் கோளாறுகளும் இருந்தன. டார்பிடோ குழாயை விட்டுக் கிளம்பி சுமார் 450 கெஜம் ஓடிய பிறகுதான் எக்ஸ்ப்ளோடர் தயார்நிலைக்கு வரும். அடியிலுள்ள சின்னக் காற்றாடி நீரோட்டத்தில் சுற்றிச் சுற்றி வெடிப்பு ஊக்கியை இடத்துக்கு ஏற்றும். தயாரான அந்த நொடியிலேயே டார்பிடோ ஆடினால் சுருளில் மின்சாரம் பிறந்து வெடித்துவிடும். ஓரங்களில் நீர் கசிந்தாலும் கெடும்.

ஜெர்மானியர்கள் 1940இல் நார்வேயில் இதே பாடத்தைப் படித்துக் காந்தப் பொறியைக் கைவிட்டிருந்தார்கள். பொறுப்பான அதிகாரிகள் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். பிரிட்டிஷாரும் தங்களுடையதை ஓரங்கட்டினார்கள். அமெரிக்காவில் யாரும் சிறைக்குப் போகவில்லை. பேர்ல் ஹார்பருக்கு மாற்றலாகிவிட்ட லாக்வுட் கேட்டுக்கொண்டதன்பேரில் 1943 ஜூன் 24இல் பசிபிக் கடற்படைத் தலைவர் நிமிட்ஸ் ஓர் உத்தரவு போட்டார்: காந்தப் பொறியைத் துண்டித்துவிடுங்கள். ஆனால் ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேன்டிலில் இருந்த நீர்மூழ்கிகள் நிமிட்ஸின் கீழ் வரவில்லை. அங்கே தலைவர் கிறிஸ்டி. 1920களில் இந்த எக்ஸ்ப்ளோடர் உருவானபோது கூடவே இருந்தவர் அவர். துண்டிக்க மாட்டேன் என்றார். ஆகவே ஒரே கடற்படையில், ஒரே டார்பிடோவை, பேர்ல் ஹார்பரிலிருந்து கிளம்பும்போது காந்தம் இல்லாமலும் ஃப்ரீமேன்டிலிலிருந்து கிளம்பும்போது காந்தத்தோடும் சுட்டார்கள். 1944 ஜனவரியில்தான் அவரையும் மேலிருந்து அழுத்தி நிறுத்தினார்கள். பெற்ற பிள்ளைக்குத் தேர்வுத் தாள் திருத்த அப்பாவை உட்காரவைத்த கதை.

காந்தம் போனது, இனி இடித்தால் வெடிக்க வேண்டும். அந்த உத்தரவு வந்து சரியாக ஒரு மாதம், டினோசாவின் ஒன்பது டார்பிடோக்கள்.

டேஸ்பிட் திரும்பி வந்ததும் லாக்வுட் வாஷிங்டனுக்கு எழுதிக்கொண்டு காத்திருக்கவில்லை. ஹவாயில் ககோலாவே தீவின் கடலோரச் செங்குத்துப் பாறையைச் சுடுவோம் என்று மாம்சன் என்ற நீர்மூழ்கிப் படை அதிகாரி யோசனை சொன்னார். ஆகஸ்ட் 31இல் மஸ்கலஞ்ச் என்ற நீர்மூழ்கி நிஜ வெடிமருந்தோடு மூன்று டார்பிடோக்களைப் பாறை மேல் விட்டது. இரண்டு வெடித்தன. மூன்றாவது வெடிக்காமல் உடைந்து அடியில் கிடந்தது. எப்போது வெடிக்குமோ தெரியாத பொருளைத் தேடி ஆள் தண்ணீருக்குள் மூழ்கி, கயிறு கட்டி, மேலே கொண்டுவந்தார்கள். எக்ஸ்ப்ளோடரைப் பிரித்தால் ஃபயரிங் பின் கிளம்பியிருக்கிறது. ஆனால் ஊக்கியைத் தட்டிப் பற்றவைக்கும் வேகம் அதற்கு இல்லாமல் போயிருக்கிறது.

அடுத்தது பேர்ல் ஹார்பர் பட்டறையில். வெடிமருந்துக்குப் பதில் காங்கிரீட் நிரப்பிய வெடிமுனையில் நிஜ எக்ஸ்ப்ளோடரை மாட்டி, கிரேனில் 90 அடிக்குத் தூக்கி, கீழே இரும்புத் தகட்டின்மேல் போட்டார்கள். 90 அடி என்பது குத்துமதிப்பல்ல. அந்த உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு 23.2 மீட்டர், ஏறத்தாழ 45 நாட். டார்பிடோ ஓடும் வேகமேதான். தகடு நேராக, செங்குத்தாக இடிக்கும்படி இருந்தபோது பத்துக்கு ஏழு வெடிக்கவில்லை. தகட்டை 45 டிகிரி சாய்த்தால் தோல்வி பாதியாகக் குறைந்தது. இன்னும் சாய்த்தால் எல்லாமே வெடித்தன.

இதைச் சற்று நிதானித்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்த ஆகச்சிறந்த கோணம் 90 டிகிரி. அந்தக் கோணத்தில் பத்துக்கு ஏழு வீண். அரைகுறைக் கோணத்தில், அவசரத்தில், தூரத்திலிருந்து விட்டவன் கப்பலை மூழ்கடிக்கிறான். டேஸ்பிட் முதலில் தூரத்திலிருந்து விட்டவற்றில் கப்பலை நிறுத்தியவை நிறுத்தின. கவனமாகச் செங்குத்தாய் நின்று விட்ட ஒன்பதும் போயின.

அந்த ஃபயரிங் பின்னுக்கு என்ன ஆனது? எக்ஸ்ப்ளோடருக்குள் ஒரு கனமான வளையம் உண்டு. இடித்ததும் அது முன்னுக்குச் சரிந்து, ஸ்பிரிங்கை விடுவிக்கும். ஸ்பிரிங் பின்னை மேல்நோக்கித் தள்ளும். கவனியுங்கள், மேல்நோக்கி, டார்பிடோ போகும் திசைக்குக் குறுக்காக. பின் இரண்டு வழிகாட்டித் தண்டுகளின் மேல் சறுக்கிக்கொண்டு போய் ஊக்கியைத் தட்ட வேண்டும். 46 நாட்டில் வந்த டார்பிடோ கப்பலில் நேராக மோதினால் அது நிற்கும் வேகம் புவியீர்ப்பைப்போல் சுமார் 500 மடங்கு. பின்னும் தன் எடையைப்போல் 500 மடங்கு விசையோடு முன்பக்கத் தண்டின்மேல் சாய்கிறது. அதனால் எழும் உராய்வு கிட்டத்தட்ட 190 பவுண்டு. ஸ்பிரிங்கால் அதை மீறித் தள்ள முடியவில்லை. தண்டுகள் வளையும், பின் பாதி வழியில் சிக்கும். சாய்வாக மோதினால் டார்பிடோ சறுக்கிக்கொண்டு மெதுவாக நிற்கிறது. பின்னுக்கு மேலே போக நேரம் கிடைக்கிறது.

இந்த அமைப்பு முன்பு வேலை செய்ததா என்றால், செய்தது. 33 நாட்டில் ஓடிய பழைய டார்பிடோக்களுக்காக வடிவமைத்தது அது. 46ஐ 33ஆல் வகுத்து இருபடி எடுத்தால் 1.94. மோதும் ஆற்றல் ஏறத்தாழ இரட்டிப்பாகிவிட்டது. பின் மட்டும் அதே பின். டார்பிடோவை வேகமாக்கியவர்கள் ஒரு பக்கம், எக்ஸ்ப்ளோடர் செய்தவர்கள் ஒரு பக்கம். நிஜக் கப்பலின்மேல் ஒரு பத்து சுட்டுப் பார்த்திருந்தால் ஒரே மதியத்தில் தெரிந்திருக்கும்.

திருத்தம் பேர்ல் ஹார்பர் பட்டறையிலேயே நடந்தது. பின்னின் எடையைக் குறைத்தால் உராய்வு குறையும், அவ்வளவுதான். உறுதியான அலுமினியக் கலவையில் இலேசான பின் கடைந்து, உரசும் பரப்புகளை நன்றாக மெருகேற்றினார்கள். அந்த உலோகம் பேர்ல் ஹார்பரில் வீழ்ந்த ஜப்பானிய விமானங்களின் ப்ரொப்பெல்லரிலிருந்து வந்தது என்று நீர்மூழ்கிக்காரர்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அது தயாராகும்வரை கடலில் இருந்தவர்களுக்கு ஓர் அறிவுரை போனது: நேராக இடிக்காதே, சாய்வாக விடு. பின்னாளில் பின்னையே எடுத்துவிட்டு, மோதினால் ஓர் உலோகக் குண்டு உருண்டு மின்சுற்றை மூடும் ஸ்விட்ச் வைத்தார்கள்.

1943 இலையுதிர்காலத்தில் சரியான டார்பிடோக்கள் கடலுக்குப் போக ஆரம்பித்தன. அதற்குப் பிறகு மார்க் 14 நன்றாகவே வேலை செய்தது. 1980வாக்கில்தான் ஓய்வு கொடுத்தார்கள். போர் முடிவதற்குள் அமெரிக்க நீர்மூழ்கிகள் மூழ்கடித்தவை சுமார் 1,300 கப்பல்கள், 53 லட்சம் டன் அளவு. இதில் பெரும்பகுதி 1944இல் வந்தது. ரேடாரும் சங்கேத உடைப்பும் கூட்டமாக வேட்டையாடும் முறையும் அதில் பங்குபெற்றன என்பதால், எல்லாப் புகழையும் ஓர் அலுமினியப் பின்னுக்குக் கொடுப்பது மிகை. ஆனால் பின் இல்லாமல் மற்றதெல்லாம் இருந்து என்ன.

மூன்றும் தீர்ந்தும் நான்காவது ஒன்று கடைசிவரை தீரவில்லை. ஜைரோவோ சுக்கானோ மக்கர் செய்தால் டார்பிடோ வட்டமடித்து விட்டவன்மேலேயே திரும்பி வரும். டெஸ்ட்ராயர்கள் விட்ட மார்க் 15இல் அதைத் தடுக்க ஓர் ஏற்பாடு இருந்தது. மார்க் 14க்கு அது வைக்கப்படவே இல்லை. 1944 மார்ச் 26இல் டல்லிபீ நீர்மூழ்கி மூழ்கியது, அநேகமாகத் தன் டார்பிடோவாலேயே; பிழைத்தது ஒருவர். அக்டோபர் 25இல் தைவான் நீரிணையில் டாங், தன் 24ஆவது, கடைசி டார்பிடோவை விட்டது. அது மார்க் 14 அல்ல, மின்சாரத்தில் ஓடும் மார்க் 18. இடப்பக்கம் வளைந்து திரும்பி வந்து டாங்கின் பின்பகுதியில் வெடித்தது. 78 பேர் இறந்தார்கள், கேப்டன் ஓ'கேன் உள்பட 9 பேர் பிழைத்தார்கள். அந்த எக்ஸ்ப்ளோடர் மட்டும் ஒழுங்காக வேலை செய்தது.

டோனன் மாரு என்ன ஆனது என்று கேட்பீர்கள். டினோசாவிடமிருந்து தப்பி ட்ரக் போய்ச் சேர்ந்தது. 1944 பிப்ரவரியில் அமெரிக்க விமானந்தாங்கிகளின் விமானங்கள் ட்ரக்கைத் தாக்கியபோது அங்கேயே மூழ்கியது. 1951இல் ஜப்பானியர்கள் அதைத் தூக்கி, ஊருக்கு இழுத்துப்போய்ப் பழுதுபார்த்தார்கள். பிறகு மறுபடி திமிங்கல வேட்டைக்குக் கிளம்பிவிட்டது.